மட்டக்களப்பில் கலைச்சூழல் உள்ள பகுதியில் தங்க விரும்புகிறேன். எங்கே தங்கலாம்?

மூன்று இரவுகள் தங்கப்போவதாகவும், ஃபோர்ட் கொச்சியைப் போல ஓவியக்கூடங்களும் தேநீர்க்கடைகளும் அடுத்தடுத்து இருக்கும் தெரு வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு தெரு மட்டக்களப்பில் கிடையாது. இருந்தாலும், தங்குவதற்குக் கல்லடியைத்தான் சொல்வேன்.

விளம்பரங்களைப் பார்த்தால் பாசிக்குடாவுக்குப் போகத் தோன்றும். கடல் அருமைதான். ஆனால் நகரத்திலிருந்து முப்பது கிலோமீற்றருக்கு மேல் வடக்கே போய்ப் படுத்துக்கொண்டால், மாலையில் நடக்கும் எதற்கும் வந்துபோவது பெரும்பாடு. அடுத்தது வாவி சூழ்ந்த பழைய நகரப்பகுதியான புளியந்தீவு. 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்ட கோட்டை, பழைய தேவாலயங்கள், வாவிக்கரையில் காந்தி பூங்கா எல்லாமே நடக்கும் தூரம். அரைநாளில் பார்த்துவிடலாம். கடைகள் பூட்டிய பிறகு அங்கே இருப்பவருக்குப் பொழுது போகாது.

கல்லடி வாவிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிறது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்தா அழகியற் கற்கைகள் நிறுவகம் இங்கேதான் இருக்கிறது. இசை, நடனம், நாடகம், ஓவியம் படிக்கும் பிள்ளைகள் நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். ஆற்றுகையோ கண்காட்சியோ இருக்கிறதா என்று வாசலில் விசாரியுங்கள். வெளியார் என்று யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். பழந்தமிழ் இசையை ஆராய்ந்து எழுதிய யாழ் நூலை 1947 ஜூனில் அரங்கேற்றி அடுத்த மாதமே காலமான தமிழறிஞர் விபுலாநந்தரின் சமாதியும் கல்லடியில்தான் உள்ளது. மாலையானால் 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்துக்கு நடந்து போங்கள். பக்கத்தில் புதுப்பாலம் வந்துவிட்டதால் அங்கே வாகன நெரிசல் இல்லை. பூரணை இரவில் தோணி எடுத்து, துடுப்பின் ஒரு முனையை நீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். கேட்காவிட்டால் தோணிக்காரருடன் சண்டைக்குப் போகவேண்டாம்.

இனி முக்கியமான விஷயம். எங்கள் ஊர்க் கலைக்கு இடத்தைவிடக் காலம்தான் கணக்கு. கார்த்திகை, மார்கழி மழையில் வந்தால் வெள்ளத்தைத்தான் பார்ப்பீர்கள். பெரும்போக நெல் அறுவடை முடிந்து கை ஓய்ந்த பிறகுதான் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக் கிராமங்களில் கூத்துப் பழகுவது சூடுபிடிக்கும். வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் கதவு திறந்து, கண்ணகி கதையான வழக்குரை பாடி, அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு சடங்கு முடியும். அப்படி ஒரு கோயில் உள்ள செட்டிபாளையம் கல்லடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். இன்னும் தெற்கே போக மனமிருந்தால் அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு, தம்பிலுவில் கோயில்களும் இருக்கின்றன. காரைதீவு விபுலாநந்தர் பிறந்த ஊர் என்பதால் ஒரு பயணத்தில் இரண்டு வேலை முடியும்.

கூத்து அரங்கேற்றம் ஒன்று வாய்த்தால் மற்றத் திட்டங்களையெல்லாம் தள்ளிவையுங்கள். கன்னன்குடா, சீலாமுனை போன்ற ஊர்களில் வட்டமான கூத்து மேடையான வட்டக்களரி போட்டிருப்பார்கள். நாலு பக்கமும் சனம். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு களரியிலேயே நிற்பார், சல்லரி என்ற தாளம் ஒலிக்கும். வடமோடி என்ற கூத்துவகையில் அரசன் வளையம் வைத்த கரப்புடுப்போடு சுழன்று வரும்போது உடுப்பின் விளிம்பு குடைபோல விரியும், காலில் சதங்கை அதிரும், முன்வரிசையில் இருப்பவர் முகத்தில் மண் தெறிக்கும். நள்ளிரவில் சிறுவர்கள் பாயில் உறங்கிப்போவார்கள். யுத்தக் கட்டம் வந்ததும் தாய்மார் தட்டி எழுப்புவார்கள். விடிய விடிய நடக்கும். ஆகவே நல்ல அறை வேண்டும் என்று அதிகம் செலவழிக்காதீர்கள், அன்றிரவு கட்டில் சும்மாதான் கிடக்கும். கடற்கரைப் பக்கம் வீட்டோடு சேர்ந்த சிறிய விடுதிகளே போதும். வீட்டு அம்மாவிடம் கேட்டால் எந்த ஊரில் எப்போது கூத்து என்பதும் தெரிந்துவிடும்.

படுவான்கரையிலிருந்து இரவில் திரும்ப பஸ் கிடைக்காது. போகும்போதே ஆட்டோக்காரருடன் விடியும்வரைக்கும் சேர்த்து விலை பேசிக்கொள்ளுங்கள். அநேகமாக அவரும் உங்களோடு உட்கார்ந்து பார்ப்பார், பாட்டில் எங்கே பிழைவிட்டார்கள் என்பதையும் சொல்லிக்கொண்டே வருவார்.