பஸ் போகாத பக்கம்

வணக்கம் சார்,

நான் ஓய்வு பெற்ற மின்வாரிய ஊழியன், வயது 64. என் மனைவிக்கு ஒரு குரூப் டூரில் போக ஆசை. போபால், சாஞ்சி, ஜான்சி, ஓர்ச்சா, குவாலியர், ஆக்ரா, டெல்லி. பதினோரு நாள், ஊருக்கு ஊர் ரயில், நாற்பது பேர், சமையல் ஆட்களும் கூடவே வருகிறார்களாம். எனக்கு மனம் ஒப்பவில்லை. சரித்திரம் உள்ள ஊர்களை ஆட்டு மந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போய்க் காட்டினால் என்ன தெரியும்? இரண்டு பேர் மட்டும் நிதானமாகப் போகலாமே என்கிறேன். "உங்களோட தனியா வந்தா வழி பூரா திட்டிக்கிட்டே வருவீங்க" என்கிறாள். நீங்களும் மனைவியோடு இதே வழியில் போய் வந்ததாக ஒரு கட்டுரையில் ஒரு வரி மட்டும் எழுதியிருந்தீர்கள். அப்புறம் அதைப் பற்றி எழுதவே இல்லையே, ஏன்? நாங்கள் போகலாமா?

மு., பாளையங்கோட்டை

அன்புள்ள மு,

எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஒரு விஷயம், உங்கள் மனைவி சொல்வது சரி. உங்களை எனக்குத் தெரியாது, ஆனால் என்னைத் தெரியும். நாங்கள் இரண்டு பேராகப் போன பயணங்களில் எல்லாம் நான்தான் டிக்கெட், நான்தான் ஆட்டோ பேரம், நான்தான் லாட்ஜ், ஆகவே கோபமும் என்னுடையதுதான். ஹோட்டலில் தோசை ஆறிப்போய் வந்தால்கூட அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் விள்ளலை எடுப்பாள். குரூப் டூரில் திட்டு வாங்குவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஒரு டூர் மேனேஜர் இருக்கிறார். அவருக்கு வயது முப்பதுகூட இருக்காது, பாவம், நாற்பது பேருடைய பி.பி. மாத்திரை நேரமும் அவருக்கு மனப்பாடம்.

வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த டூரின் விசேஷமே அதுதான். நீங்கள் எழுதியிருக்கும் ஊர்களில் ஓர்ச்சாவைத் தவிர எல்லாமே சென்னை - டெல்லி மெயின் லைனில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன (ஓர்ச்சாவுக்கு ஜான்சியில் இறங்கி அரை மணி நேரம் பஸ்). அலுவலக வேலையாக டெல்லிக்கு எத்தனையோ தடவை தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஜி.டி.யிலும் போயிருக்கிறேன். குவாலியர் எனக்கு ஒரு பிளாட்பார டீ, போபால் என்றால் தண்ணீர் பாட்டில், ஜான்சியில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும், இவ்வளவுதான் தெரியும். இதே பாதையில், இடார்சி தாண்டி வண்டி மலை ஏறி போபாலை நெருங்கும் பக்கத்தில்தான் பீம்பேட்கா இருக்கிறது. 1957-இல் வாகன்கர் என்கிற தொல்லியல்காரர் ரயிலில் போகும்போது ஜன்னல் வழியாக அந்தப் பாறைகளைப் பார்த்து, ஐரோப்பாவில் தான் கண்ட பாறைகளின் சாயல் தெரிகிறதே என்று இறங்கித் தேடிப் போனார். உள்ளே ஆதி மனிதர்களின் ஓவியங்கள். இப்போது அது உலகப் பாரம்பரியச் சின்னம். நானும் அதே வழியில்தான் இருபது தடவை போயிருக்கிறேன், மேல் பெர்த்தில், போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

மந்தை என்கிறீர்கள். நானும் அந்த வார்த்தையோடுதான் ரயில் ஏறினேன். மனசுக்குள் நான் மட்டும் மேய்ப்பன் மாதிரி. புத்தகங்கள் எல்லாம் படித்துவிட்டு, குறிப்பு நோட்டு சகிதம். சாஞ்சியில் எங்களுக்குக் கொடுத்த நேரம் ஐம்பது நிமிஷம். புத்த ஸ்தூபி, அதன் அசோகர் காலத்து செங்கல் கரு, அதன் மேல் கல், நான்கு தோரண வாசல்கள், தெற்கு வாசலில் விதிஷா ஊர் யானைத் தந்த வேலைக்காரர்கள் செதுக்கிக் கொடுத்ததாகச் சொல்லும் கல்வெட்டு, எல்லாம் படித்து வைத்திருந்தேன். அந்தக் கல்வெட்டை நோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டு நிற்கும்போது எங்கள் குழுவில் வந்த காரைக்குடிப் பாட்டி ஒருவர், எழுபது தாண்டியவர், வாசலைக் கீழிருந்து மேல் வரை பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இத்தன பேரு கும்புடுறாங்களே, சாமி எங்க?" என்று கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்தேன். ரயிலுக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது, அந்தத் தோரணங்களைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். அந்தச் சிற்பங்களில் புத்தரை மனித உருவமாகக் காட்டவே இல்லை. காலி ஆசனம், பாதச் சுவடு, போதி மரம், ஆள் இல்லாத குதிரைக்கு மேல் ஒரு குடை. சுற்றிலும் எல்லோரும் கும்பிடுகிறார்கள், நடுவில் இடம் காலியாக இருக்கிறது. இதையும் நான் படித்திருந்தேன். பார்த்தவர் பாட்டிதான்.

ஓர்ச்சாவை வேகமாகக் கடக்கிறேன். அங்கே ராமர் ராஜா. சாமியாக மட்டும் இல்லை, ஊருக்கு அரசராகவே. அதனால் போலீஸ்காரர்கள் துப்பாக்கியோடு நின்று மரியாதை செலுத்துகிறார்கள். அவருக்கென்று பிரமாதமாகக் கட்டிய சதுர்புஜ் கோயில் பக்கத்திலேயே நிற்கிறது, ஆனால் அயோத்தியிலிருந்து சிலையைக் கொண்டுவந்த ராணி அதை முதலில் தன் அரண்மனையில் இறக்கி வைத்துவிட்டாராம், அங்கிருந்து நகரமாட்டேன் என்றுவிட்டார் ராமர். எங்கள் குழுப் பெண்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. "நம்ம வீட்டு ஆளுங்க சாயந்தரம் சேர்ல உக்காந்தா நகராத மாதிரி" என்று ஒருவர் சொல்ல, பெட்வா ஆற்றங்கரை வரைக்கும் சிரிப்பு.

இந்தச் சிரிப்பைக் கவனிக்க வேண்டும். ரயிலில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைக்கவில்லை. அவளுக்கு லோயர், மற்ற மூன்று பெண்களோடு. எனக்கு அடுத்த தடுப்பில் மேல் பெர்த். முதல் நாள் ராத்திரி எனக்குக் கோபம், டூர் மேனேஜரிடம் கத்தப் போனேன், அவள்தான் கையைப் பிடித்து "இருக்கட்டும்" என்றாள். மேலே படுத்துக்கொண்டு கேட்டேன், தடுப்புக்கு அந்தப் பக்கம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். பள்ளிக்கூடக் கதை, ஹெட்மாஸ்டர் கதை, ஒரு தடவை பரீட்சைத் தாள் கட்டை பஸ்ஸில் விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடிய கதை. அந்தக் கடைசிக் கதை எனக்கே தெரியாது. முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சர், முப்பத்துமூன்று வருஷம் என் மனைவி.

குவாலியருக்கு வருகிறேன். வெட்கம் இங்கேதான்.

புறப்படும்போதே அவள் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள். குவாலியர்க் கோட்டையில் ஒரு சின்னக் கோயில் இருக்கிறது, பாறையில் குடைந்தது, அதற்கும் சதுர்புஜ் என்றுதான் பெயர் (ஓர்ச்சாவில் சொன்னது வேறு). அதில் கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று. பூஜ்யத்தை நாம் இப்போது எழுதுகிற மாதிரியே வட்டமாக வெட்டியிருக்கிறார்கள், ஆண்டுக் கணக்கோடு இந்தியாவில் கிடைத்திருக்கும் மிகப் பழைய பூஜ்யங்களில் அது ஒன்று. ஏதோ பத்திரிகையில் வந்த துண்டுச் செய்தியை எப்போதோ வெட்டி டைரியில் வைத்திருந்தாள். டூர் மேனேஜர் தலையைச் சொறிந்தார். "மேடம், பஸ் அந்தப் பக்கம் போகாது." உண்மைதான். வண்டிகள் எல்லாம் மேற்கே உர்வாயி வாசல் வழியாக ஏறுகின்றன. அந்த வழியிலும் சும்மா இல்லை, பாறை முழுக்கப் பிரம்மாண்டமான சமணத் தீர்த்தங்கரர் சிலைகள். பாபர் அவற்றைச் சிதைக்கச் சொன்னதைத் தன் நினைவுக் குறிப்புகளில் தானே எழுதி வைத்திருக்கிறார். ஆனால் பூஜ்யம் இருப்பது கிழக்குச் சரிவில், நடைபாதையில். மேலே மான்சிங் அரண்மனையைப் பார்த்துவிட்டு (நீல ஓடும் மஞ்சள் வாத்து வரிசையும், அவசியம் பாருங்கள்) யானை வாசல் வழியாக இறங்கிக் கீழே குஜரி மகால் வரை நடந்தால் நடுவில் வரும்.

"நான் நடந்து வர்றேன்" என்றாள். மூட்டு வலிக்காரி. அவளுடைய தடுப்புப் பெண்கள் மூன்று பேரும் கூடக் கிளம்பிவிட்டார்கள், பூஜ்யம் எதற்கு என்று தெரியாமலே. என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா மு? பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஜெய் விலாஸ் அரண்மனையில் குவாலியர் ராஜ குடும்பமான சிந்தியாக்களின் வெள்ளி ரயிலைப் பார்க்க வேண்டும், நேரம் போதாது, வெயில் வேறு. காரணங்கள் எல்லாம் சரியானவை. தெலி கா மந்திர் என்கிற கோயிலை மட்டும் பஸ் ஜன்னல் வழியாக இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன், அதன் உச்சி வட இந்தியக் கோயில்களின் கூர்ச் சிகரம் மாதிரி இல்லாமல், மாமல்லபுரத்துப் பீம ரதம் மாதிரி நீளமாக, வண்டிக் கூண்டு கவிழ்த்தது போல இருக்கும்.

வெள்ளி ரயிலும் அழகுதான். சாப்பாட்டு மேஜை மேலேயே தண்டவாளம், விருந்தாளிகளுக்கு முன்னால் மதுக் குப்பிகளைச் சுமந்துகொண்டு குட்டி ரயில் சுற்றி வரும், குப்பியைத் தூக்கினால் வண்டி நின்றுவிடும். நான் போனபோது அது ஓடவில்லை. கண்ணாடிக்கு வெளியே ஐந்து நிமிஷம் நின்றேன்.

சாயந்தரம் நாலு பேரும் இரண்டு ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார்கள். ஆக்ரா வண்டி வரத் தாமதம். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து அவள் சொன்னாள். கோயில் ரொம்பச் சின்னது, நாலு பேர் நின்றால் நெருக்கும். கல்வெட்டில் இருப்பது தானக் கணக்கு. கோயிலுக்காக ஒரு நந்தவனம் விட்டிருக்கிறார்கள், நீளம் 270 முழம், அகலம் 187 முழம். அந்த 270-இல்தான் பூஜ்யம், மற்ற இலக்கங்களைவிடச் சின்ன வட்டம். அப்புறம் தினமும் சாமிக்கு 50 மாலை. அங்கே இன்னொரு பூஜ்யம். கூட வந்தவர்களுக்கு அதுவரை ஒன்றும் புரியவில்லை, முழம் என்றதும் புரிந்துவிட்டது. பூவை முழம் போட்டு வாங்குகிறவர்கள்தானே. அவர்களில் ஒருவர் திருச்சியில் பூக்கடை வைத்திருந்தவராம், 50 மாலைக்கு எவ்வளவு பூ வேண்டும், அதற்கு அந்தத் தோட்டம் கட்டுமா என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். மொத்தம் 50,490 சதுர முழம் என்று இவள் பெருக்கிச் சொன்னாளாம், மனசுக்குள்ளேயே. கட்டும் என்று முடிவாயிற்றாம்.

அவள் முகத்தை அப்படி நான் பார்த்து வெகு நாளாகிவிட்டது. "நீங்க வந்திருக்கலாம்" என்று மட்டும் சொன்னாள். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் போயிருந்தால் அவள் அந்தச் சரிவில் இறங்கியிருக்க மாட்டாள். நான் வெயில் என்றிருப்பேன், மூட்டு வலி என்று அவள் சார்பில் நானே சொல்லியிருப்பேன், அவளும் சரி என்றிருப்பாள். ஆகவே நிதானமாகப் பார்ப்பதற்குத் தனியாகப் போக வேண்டும் என்று நீங்கள் சொல்வது யாருக்கு நிதானம் என்று கேட்கத் தோன்றுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டுவார்கள். தாஜ்மகாலில் எங்களுக்கு வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம், உள்ளே போய்க் கல்லறையைச் சுற்றி வந்தது மூன்று நிமிஷம். அதற்குப் பதில் யமுனைக்கு அந்தக் கரையில் இதிமாதுத் தௌலா சமாதிக்கு இரண்டு மணி நேரம் கொடுத்திருக்கலாம். நூர்ஜகான் தன் பெற்றோருக்குக் கட்டியது, தாஜுக்கு முந்தியது, கூட்டமே இருக்காது, அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில். எங்கள் பட்டியலில் அது இல்லை. உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓர் இரவு சத்திரத்தில் வெந்நீர் வரவில்லை. புளியோதரை நான்கு தடவை.

நடைமுறைக்கு வருவோம். மே மாதம் வேண்டவே வேண்டாம், குவாலியர்-ஜான்சி வெயிலை நீங்கள் திருநெல்வேலி வெயிலோடு ஒப்பிடாதீர்கள். ஜனவரியில் பனிமூட்டம், வண்டிகள் மணிக்கணக்கில் தாமதமாகும், தாஜ் இருக்கும் திசையே தெரியாமல் போகலாம். அக்டோபர் கடைசியோ பிப்ரவரியோ நல்லது. தாஜ் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், டெல்லி செங்கோட்டை திங்கட்கிழமை, தேதிகளைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். லோயர் பெர்த் கோட்டா என்பது ஒரு டிக்கெட்டில் இரண்டு பேர் வரைதான் செல்லும், அறுபது தாண்டிய ஆண்களுக்கும் நாற்பத்தைந்து தாண்டிய பெண்களுக்கும். நாற்பது பேருக்குக் கொத்தாகப் போடும்போது அது கிடைக்காது. உங்கள் இருவருக்கும் தனி டிக்கெட்டாகப் போடச் சொல்லுங்கள், முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, அன்று காலையே போடச் சொல்லுங்கள். லோயர் கிடைத்து இருவரும் வேறு வேறு தடுப்பில் விழுந்தால் மாற்றித் தரச் சொல்லி யாரிடமும் போய் நிற்காதீர்கள்.

உங்கள் மனைவிக்கு அந்த ஏழு ஊர்களில் ஏதாவது ஒன்று குறிப்பாகப் பார்க்க வேண்டியிருக்கும். என்ன என்று கேட்டீர்களா? கடிதத்தில் இல்லை. கேட்டுவிட்டு டூர்க்காரரிடம் பணம் கட்டுவதற்கு முன்பே சொல்லி வையுங்கள், பஸ் போகாத பக்கமாக இருந்தால் எத்தனை மணிக்கு எங்கே வந்து சேர வேண்டும் என்பதையும் சேர்த்து.

குவாலியரில் கிழக்குப் பக்கம் இறங்கினால் அந்தச் சின்ன வட்டம் எந்தச் சுவரில், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.