பெட்ராவின் விலா எலும்பும் உங்கள் மகளின் கால் வலியும்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். 400 மீட்டர் ஓடுவாள். மூன்று வாரமாக முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி என்கிறாள். பி.டி. மாஸ்டரிடம் சொன்னதற்கு, பெட்ரா மைடிச் என்ற பனிச்சறுக்கு வீராங்கனையின் வீடியோவை எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் போட்டுக் காட்டி, "இந்தப் பொண்ணு அஞ்சு விலா எலும்பு உடைஞ்சும் ஒலிம்பிக் மெடல் வாங்குச்சு. உனக்குக் கால் வலியா?" என்றாராம். அன்றிலிருந்து வலியை வாய்விட்டுச் சொல்லாமல் ஓடுகிறாள். மாஸ்டர் சொல்வதும் ஒருவகையில் சரிதானோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. உங்கள் கருத்து? (ஒரு தாய், கரூர்)

பதில்: சரியே இல்லை. இந்தப் பதிலை மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் மகளின் ஓட்டத்தை நிறுத்துங்கள். எலும்பு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அது வெறும் தசை வலியாக இருக்கலாம், எலும்பில் மயிரிழை விரிசலாகவும் இருக்கலாம். விரிசலாக இருந்தால், அதன்மேல் ஓட ஓடப் பெரிதாகும். எது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

அப்புறம், பெட்ராவின் கதை. எனக்கு மிகவும் பிடித்த வீராங்கனை அவர். அதனால்தான் அவர் வாழ்க்கையில் ஒரே ஒரு நாளைக் கத்தரித்து, அதைக் காட்டிப் பிள்ளைகளை மிரட்டுகிறார்கள் என்று கேட்கும்போது கோபம் வருகிறது. முழுக்கதையையும் சொல்கிறேன். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

2010 பிப்ரவரி 17. கனடாவின் விஸ்லரில் குளிர்கால ஒலிம்பிக்கின் கிராஸ் கன்ட்ரி ஸ்பிரிண்ட் போட்டி. மலையிலிருந்து வேகமாக இறங்கும் பனிச்சறுக்கு வேறு, இது வேறு. இதில் மேடும் உண்டு, பள்ளமும் உண்டு. மேட்டில் ஏற்றிவிட ஆளோ இயந்திரமோ கிடையாது. காலில் மெல்லிய நீளமான பலகை, இரண்டு கையிலும் கோல், மற்றபடி சொந்த மூச்சுதான். ஸ்பிரிண்டில் தூரம் ஒன்றரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் பதக்கம் வேண்டுமானால் அதே தூரத்தை ஒரே நாளில் 4 முறை போட்டியிட்டு முடிக்க வேண்டும்: தகுதிச்சுற்று, காலிறுதி, அரையிறுதி, இறுதி.

போட்டிக்கு முன் தடத்தில் உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார் பெட்ரா. இறங்கு வளைவு ஒன்றில் பனி இறுகி வழுக்கியது. தடத்தைவிட்டு விலகி, சுமார் 3 மீட்டர் ஆழப் பள்ளத்தில் போய் விழுந்தார். கீழே இருந்தது பாறை. கோல்கள் முறிந்தன, ஸ்கீ பலகையும் உடைந்தது. தூக்கிவிட்டார்கள். தகுதிச்சுற்றில் ஓடினார், முடித்ததும் வலியில் அலறிக்கொண்டு சரிந்தார். பிறகு காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று வரிசையாக ஓடினார். இறுதிச்சுற்றில் நார்வேயின் மாரித் பியோர்கன் முதலில் வந்தார், போலந்தின் யுஸ்டினா கோவல்சிக் இரண்டாவது, பெட்ரா மூன்றாவது. கிராஸ் கன்ட்ரியில் ஸ்லோவேனியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

அந்த வலி எப்படிப்பட்டது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். வேகமெடுக்க வேண்டிய இடத்தில் இந்த வீரர்கள் இரண்டு கோலையும் ஒன்றாகப் பனியில் ஊன்றி, இடுப்பிலிருந்து மடங்கி, மொத்த மேலுடம்பையும் கோலின்மேல் போட்டுத் தள்ளுவார்கள். கை தள்ளுவதுபோலத்தான் தெரியும். உண்மையில் வேலை செய்வது வயிறும் விலாவும். நெஞ்சு ஒருமுறை சுருங்கி, நிமிரும்போது மூச்சை வாரி இழுத்து, மறுபடி சுருங்கும். சைக்கிளில் விழுந்து எனக்கு ஒருமுறை ஒரே ஒரு விலா எலும்பில் கீறல் விழுந்தது. ஒரு மாதம் தும்மலுக்குப் பயந்து வாழ்ந்தேன். பெட்ராவுக்கு உடைந்தது ஐந்து. நுரையீரலும் பாதிக்கப்பட்டு, அதற்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவில் காற்று புகுந்திருந்தது. அந்த நிலையில் நுரையீரல் முழுதாக விரியாது, மூச்சு இழுத்தாலும் போதாது. இரண்டு பேர் கைத்தாங்கலாகப் பிடித்துவரத்தான் அவரால் பதக்க மேடைக்கு வர முடிந்தது. துணிச்சல் என்ற சொல்லுக்கு அன்றைக்கு அவர் முழுத் தகுதி உள்ளவர். அதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

ஆனால் மாஸ்டர் சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறது.

எத்தனை எலும்பு உடைந்திருக்கிறது, உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்ற முழுக் கணக்கும் பிற்பாடுதான் தெரியவந்தது. "ஐந்து எலும்பு உடைந்திருக்கிறது, பரவாயில்லை, ஓடுகிறேன்" என்று அவர் கிளம்பவில்லை. அன்று அவருக்கு வயது 30. அது அவருடைய மூன்றாவது ஒலிம்பிக். 2002இலும் 2006இலும் வெறுங்கையோடு திரும்பியவர். ஓடுவதா வேண்டாமா என்ற முடிவு அவர் கையில் இருந்தது. வேண்டாம் என்று அவர் ஒதுங்கியிருந்தால் உலகத்தில் ஒருவரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அப்படி ஒரு முடிவெடுக்கும் இடமே கொடுக்கப்படவில்லையே! வலிக்கிறது என்று சொன்னாள். எல்லார் முன்னாலும் கூனிக்குறுக வைத்துவிட்டார்கள். இது எப்படித் துணிச்சலைக் கற்றுக்கொடுப்பதாகும்?

இன்னொன்றையும் யோசியுங்கள். தடத்தைவிட்டு வழுக்கியவரைப் பள்ளத்தில் விழாமல் நிறுத்த அந்த வளைவில் எதுவுமே இல்லை. அதற்கு 5 நாள் முன்புதான், அதே விஸ்லரில், லூஜ் என்ற பனிச்சறுக்கு வண்டிப் பயிற்சியில் ஜார்ஜியாவின் நோடார் குமாரிதாஷ்விலி தடத்திலிருந்து தூக்கி எறியப்பட்டு இரும்புத் தூணில் மோதி இறந்துபோயிருந்தார். 21 வயது. விளையாட வருகிறவர்களின் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்வது போட்டியை நடத்துகிறவர்களின் வேலை. பள்ளியில் அந்த இடத்தில் இருப்பவர் பி.டி. மாஸ்டர். பெட்ராவின் வீடியோவைப் பார்த்ததும் அவருக்கு முதலில் தோன்றியிருக்க வேண்டியது, "நம் மைதானத்தில் பள்ளம் ஏதாவது இருக்கிறதா?" என்ற கேள்வி.

அந்தப் பதக்கத்துக்கு விலையும் இருந்தது. அந்த ஒலிம்பிக் அத்தோடு அவருக்கு முடிந்தது. எஞ்சிய பந்தயங்கள் எல்லாம் போயின.

சரி, வெண்கலம் எங்கிருந்து வந்தது? வலியைத் தாங்கியதால் வந்தது என்று மாஸ்டர் நினைக்கிறார். வலியைத் தாங்கினால் மட்டும் பதக்கம் கிடைக்கும் என்றால் மருத்துவமனை வார்டு முழுக்கப் பதக்கம் தொங்க வேண்டும். இந்த விளையாட்டில் உச்சத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 700, 800 மணி நேரம் பயிற்சி எடுக்கிறார்கள். கோடையில் பனி இருக்காது. சக்கரம் வைத்த குட்டை ஸ்கீயை மாட்டிக்கொண்டு தார்ரோட்டில் மேடேறுவார்கள். எத்தனை மணி நேரம் தூங்கினோம், காலையில் எழுந்ததும் நாடி எவ்வளவு, எங்கே வலித்தது என்று எழுதிவைப்பார்கள். நாடி கூடியிருந்தால் பயிற்சியைக் குறைப்பார்கள். அப்படி உடம்பைக் கேட்டுக் கேட்டு வளர்க்காதவர் 30 வயதுவரை முதல் வரிசையில் நிற்க முடியாது. பெட்ரா 2007இல் சப்போரோ உலக சாம்பியன்ஷிப்பில் ஸ்பிரிண்டில் வெள்ளி வாங்கியவர். உலகக் கோப்பைப் பந்தயங்களில் 20க்கும் மேற்பட்ட வெற்றிகள் அவர் கணக்கில் இருக்கின்றன. அன்றைக்கு உடம்பு நன்றாக இருந்திருந்தால் தங்கத்துக்கே போட்டியிட்டிருப்பார் என்பது என் எண்ணம். விலா எலும்பு உடைந்ததால் கிடைத்த பதக்கம் இல்லை அது. உடைந்ததால் தங்கம்தான் கைவிட்டுப் போயிருக்கலாம்.

யாரும் வீடியோ போட்டுக் காட்டாத பகுதி இதற்குப் பிறகு வருகிறது. எலும்பு கூடுவதற்குக் காத்திருந்து, மறுபடி பயிற்சி எடுத்து, அடுத்த பருவத்தில் பெட்ரா திரும்பி வந்தார். 2011இல் ஆஸ்லோ உலக சாம்பியன்ஷிப்பில் மறுபடி ஸ்பிரிண்ட் வெண்கலம். அதே பருவத்தில் ஸ்பிரிண்டுக்கான உலகக் கோப்பைப் பட்டத்தையும் வென்றார், அது அவருக்கு மூன்றாவது முறை. அதோடு போட்டிகளிலிருந்து விடைபெற்றார்.

மருத்துவர் என்ன சொன்னார் என்பதை எழுத்தில் வாங்கி, மாஸ்டரிடம் நீங்களே நேரில் கொடுங்கள், மகள் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். எத்தனை வாரம் ஓய்வோ அத்தனை வாரமும் அவள் வீட்டில் இருக்கட்டும், நேரமும் கிடைக்கும். அப்போது விஸ்லர் வீடியோவை ஒதுக்கிவிட்டு, ஆஸ்லோவில் பெட்ரா ஓடியதைத் தேடிக் காட்டுங்கள். அதில் அவர் முழு நெஞ்சும் விரிய மூச்சு விடுகிறார்.