சுரங்கம் மூடப்படும் நாள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் நிலம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனது. அதே சுரங்கத்தில் என் அண்ணன் 17 ஆண்டுகளாக ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறார். நிலக்கரியைக் கைவிட வேண்டும் என்று எழுதுகிறவர்கள் அவரைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. சுரங்கத்தை விரிவாக்கச் சொல்பவர்கள் எங்கள் ஊர்க் கிணறுகளைப் பற்றிப் பேசுவதில்லை. சுரங்கத் துறையையும் மின்துறையையும் மாற்றியமைக்க விரும்பும் அரசு எதை முதலில் செய்ய வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சுரங்கம் எப்போது, யாருடைய செலவில் மூடப்படும், மூடிய மறுநாள் அங்கே உழைத்தவர்கள் எதைக்கொண்டு பிழைப்பார்கள் என்பதை, அதைத் திறக்கக் கொடுக்கும் அனுமதியிலேயே சட்டப்படி எழுதி வைப்பதுதான் அரசின் முதல் வேலை. எந்தக் கனிமத்தைத் தோண்டுவது, எத்தனை மெகாவாட் சூரிய மின்சாரம் என்பவை அதற்குப் பிறகு வர வேண்டியவை.

இந்த எண்ணம் எனக்கு உறுதிப்பட்டது கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் நின்றிருந்தேன். பெங்களூரு வண்டிக்காகத் தோளில் பையும் கையில் சாப்பாட்டு டப்பாவுமாக நடைமேடை நிறைய ஆட்கள். காதில் விழுந்ததெல்லாம் தமிழ். தாத்தாக்கள் குழிக்குள் இறங்கிய ஊரிலிருந்து பேரப்பிள்ளைகள் தினமும் வெளியூர் வேலைக்குப் போய்த் திரும்புகிறார்கள். ஊரை ஒட்டிச் சயனைடு கலந்த கழிவு மண் குன்றுகளாகக் கிடக்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அதன் பொடி வீட்டுக்குள் வந்து படிகிறது என்று சொன்ன ஒரு மூதாட்டி, தண்ணீர்க் குடத்தின் வாயை வெள்ளைத் துணியால் கட்டி வைத்திருந்தார். அந்தத் துணியை விரலால் தடவிக் காட்டினார். விரல் நுனி சாம்பல் நிறமாக இருந்தது.

1902-இல் காவிரியின் சிவசமுத்திர அருவியில் உற்பத்தியான நீர்மின்சாரம் முதன்முதலாக அனுப்பப்பட்டது அந்த வயலுக்குத்தான். பெங்களூரின் தெருவிளக்குகள் எரிய 1905 ஆயிற்று. ஒரு நாட்டின் சுரங்கமும் மின்சாரமும் ஒன்றையொன்று வளர்த்ததற்கு அதைவிடத் தெளிவான சான்று நம் பக்கத்தில் இல்லை. 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கத்தைக் கொடுத்த அந்த வயல் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. சுரங்கத்துக்கு மூடல் திட்டம் கட்டாயம் என்ற விதியோ 2003-இல்தான் வந்தது.

நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2009 முதல் வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. சுரங்கத்தை நடத்துபவர் ஆண்டுதோறும் ஒரு தனிக் கணக்கில் பணம் கட்டி வர வேண்டும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்தப் பணத்தின் கணக்கு பெரும்பாலும் குழியை நிரப்புவது, சரிவைச் சமன்செய்வது, மரம் நடுவது என்று மண்ணைச் சுற்றியே போடப்பட்டது. மனிதருக்கான கணக்கு மிகத் தாமதமாகவே பேச்சுக்கு வந்திருக்கிறது.

இதை இப்போது அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2024-25-இல் இந்தியாவின் நிலக்கரி உற்பத்தி 100 கோடி டன்னைத் தாண்டியது. அதே ஆண்டில்தான் 16,300 கோடி ரூபாய் செலவில் லித்தியம் போன்ற முக்கியக் கனிமங்களுக்கான தேசிய இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. புதிய குழிகள் பல திறக்கப்படும். பழையவை பல தீர்ந்துபோகும். முதலில் ஏலம் விட்டுவிட்டுப் பிறகு ஊராரைக் கேட்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை, டங்ஸ்டன் எடுக்க ஏலம் விட்ட மதுரை மாவட்டம் மேலூர் அரிட்டாபட்டியில் பார்த்தோம். மக்கள் திரண்டு எதிர்த்த பிறகு, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது.

நிலக்கரிக்குப் பதில் சூரிய மின்சாரம் வந்தால் அங்கே வேலை கிடைக்குமே என்பவர்கள் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். பெரிய சூரிய மின் பூங்காக்கள் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் எழுகின்றன. நிலக்கரியை நம்பி வாழும் குடும்பங்கள் ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் இருக்கின்றன. தன்பாத்தில் போன வேலை ஜோத்பூரில் முளைத்தால், தன்பாத்துக்காரருக்கு அதனால் என்ன ஆறுதல்?

கிணற்றைக் கேட்டீர்கள். நெய்வேலியில் கரிப்படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் தரையையே உடைத்துக்கொண்டு பொங்கிவிடும். அதனால்தான் இரவு பகலாக மோட்டார்கள் ஓடுகின்றன. அவை நிற்கும் நாளில் ஏறி வரும் தண்ணீர் யாருடையது, அதன் தரத்துக்கு யார் பொறுப்பு என்பதை இன்றே முடிவுசெய்ய வேண்டும். ஜெர்மனியின் ரூர் பகுதியில் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. தரை அமிழ்ந்துபோன அந்த ஊர்களில் தண்ணீரை என்றென்றைக்கும் இறைத்தாக வேண்டும். அந்தச் செலவை ஏற்பதற்கென்றே 2007-இல், அதாவது மூடுவதற்குப் பதினோரு ஆண்டுகள் முன்பே, ஓர் அறக்கட்டளையை உருவாக்கிவிட்டார்கள்.

நம்மிடம் பணமே இல்லை என்பதும் சரியல்ல. 2015-இல் கொண்டுவந்த சட்டத் திருத்தத்தின்படி, சுரங்கம் உள்ள மாவட்டங்களில் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் இருக்கின்றன. சுரங்கம் நடத்துபவர் அரசுக்குக் கட்டும் உரிமத் தொகைக்கு (ராயல்டி) மேல் ஒரு பங்கு அதில் சேர்கிறது. சுரங்கத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று வந்த அந்தப் பணம் சுற்றுச்சுவருக்கும் கட்டடத்துக்கும் போவதைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 2024-இல் திருத்திய நெறிகள், அதில் ஒரு பகுதியை வாழ்வாதாரத்துக்கான வைப்பு நிதியாக ஒதுக்கி வைக்க இடம் தருகின்றன. உங்கள் மாவட்டத்தில் அப்படி ஒதுக்கியிருக்கிறார்களா என்று கிராம சபையில் எழுத்து மூலம் கேளுங்கள்.

அண்ணனைப் பற்றி ஒன்று. நிரந்தரத் தொழிலாளியின் பெயர் நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளி எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதோ, ஒப்பந்ததாரர் மாறும்போதெல்லாம் அழிந்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. மூடல் காலத்தில் இழப்பீட்டுப் பட்டியல் போடுபவர்கள் முதலில் விட்டுவிடுவது அவர்களைத்தான். ஒப்பந்தத் தொழிலாளர்களின் பட்டியலை அரசே இப்போதே எடுத்துப் பாதுகாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அதுவரை காத்திருக்காமல், எந்தெந்த ஆண்டு எந்த ஒப்பந்ததாரரிடம் வேலை செய்தார், அப்போதைய பி.எஃப். கணக்கு எண் என்ன என்பதை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைக்கச் சொல்லுங்கள். பழைய வேலை அட்டைகள் எதையும் தூக்கிப் போட வேண்டாம்.

அன்புடன்.