பிளாக்செயினும் உணவுப் பெட்டியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: பிளாக்செயின் வந்துவிட்டால் கலப்படம் நின்றுவிடுமா?

நிற்காது. பிளாக்செயின் என்பது பதிவுகளை ‘பிளாக்’ என்னும் தொகுதிகளாக ஒன்றோடொன்று கோத்து, பலரும் நகல் வைத்திருக்கும் டிஜிட்டல் கணக்குப் புத்தகம். அது காப்பது பதிவைத்தான். பழைய பதிவில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதன் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீடு) வேறாகி, அடுத்த பிளாக்கோடு பொருந்தாமல் போகும். நகல் வைத்திருக்கும் மற்றவர்களிடம் குட்டு உடைந்துவிடும். ஆனால் சர்க்கரைப்பாகு கலந்த தேனை முதல் நாளே ‘சுத்தத் தேன்’ என்று ஏற்றிவிட்டால், அந்தப் பொய்யும் அதே பத்திரத்தோடு இருக்கும். பரிசோதனைக்கூடமும் திடீர் சோதனையும் என்றைக்கும் வேண்டும்.

கேள்வி: அப்புறம் எதற்கு இது?

வேகத்துக்கு. அமெரிக்கச் சில்லறை விற்பனை நிறுவனமான வால்மார்ட்டும் கணினி நிறுவனமான ஐபிஎம்மும் செய்த சோதனையில், நறுக்கிய மாம்பழப் பாக்கெட் எந்தத் தோட்டத்தினுடையது என்று பழைய முறையில் தேட 6 நாள் 18 மணி 26 நிமிடம் ஆனது. பிளாக்செயினில் ஏற்றிய பிறகு 2.2 விநாடி. இந்த வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். 2018 நவம்பரில் அமெரிக்காவில் ஈ.கோலை பாக்டீரியா நோய் பரவியபோது, எந்தப் பண்ணை என்று உடனே தெரியாததால் ரொமெய்ன் லெட்டூஸ் என்னும் சாலட் கீரையையே யாரும் தொடவேண்டாம் என்று அரசு சொன்னது. ஒரு தவறும் செய்யாத விவசாயியின் விளைச்சலும் சேர்ந்து குப்பைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: மின்சாரத்தைக் குடிக்குமே?

பிட்காயின் மைனிங்குக்குத்தான், அதாவது அடுத்த பிளாக்கைச் சேர்க்கக் கணினிகள் போட்டி போட்டுக் கணக்கிடுவதற்குத்தான், அந்தச் செலவு. உணவுத் துறையில் பெரும்பாலும் அனுமதி பெற்றவர்கள் மட்டும் சேரும் ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் போன்ற பிளாக்செயின் மென்பொருள்கள்தான். அங்கே மைனிங் கிடையாது.

கேள்வி: எங்களுடையது சிறிய உற்பத்தியாளர் குழு. இப்போதே இறங்கலாமா?

முதலில் உங்கள் கழுவும் தொட்டியருகே போய் நில்லுங்கள். மூன்று தோட்டத்துப் பழத்தை ஒரே தொட்டியில் கொட்டினால் சங்கிலி அங்கேயே அறுந்துவிட்டது. ஈரத்தில் லேபிள் மை கரைந்தாலும் அதே கதைதான். எந்தத் தொட்டி, எத்தனை மணி, எந்தத் தோட்டம் என்று ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி லாட் எண் போட்டு எழுதப் பழகுங்கள். கணக்கு உங்கள் குழுவுக்குள் மட்டும் என்றால் சாதாரண டேட்டாபேஸே போதும். வாங்குபவர், குளிர்பதனக் கிடங்கு, லாரிக்காரர் என்று பலரும் ஒரே கணக்கை நம்பவேண்டி வந்தால் பிளாக்செயினைப் பற்றி யோசிக்கலாம்.

சரி, பிளாக்செயின் சேவை தரும் நிறுவனத்தோடு கையெழுத்துப் போடும் முன் ஒன்றை மட்டும் கேட்டுவிடுங்கள்: சேவை மூடப்பட்டால் எங்கள் தகவல் எங்கள் கைக்கு வருமா? கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் சேர்ந்து சரக்குக் கப்பல் போக்குவரத்துக்காக நடத்திய ட்ரேட்லென்ஸ் என்னும் பிளாக்செயின் சேவையே 2023-இல் மூடப்பட்டது.