வீடில்லாத இளைஞர்களுக்கு முதலில் எது தேவை: தங்க இடமா, படிப்பா, வேலையா?

தங்க இடம்தான். இப்படிப்பட்ட இளைஞர்களுக்கு உதவும் வேலையில் இருப்பதால் உறுதியாகச் சொல்கிறேன். இரவு எங்கே படுப்பது என்று தெரியாத பிள்ளையிடம் நேர்காணலுக்குத் தயாராகச் சொல்வது கொடுமை. சரியான தூக்கம் இருக்காது, குளிக்க இடம் இருக்காது. வேலைக்குக் கூப்பிடும் நேரத்தில் போனில் சார்ஜ் இருக்காது.

இடம் கொடுப்பதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று ‘ஃபோயர்’. இரண்டாம் உலகப் போருக்குப் பின், வேலைக்காக நகரங்களுக்கு வந்த இளைஞர்களுக்காகப் பிரான்சில் வளர்ந்தது. 1990-களில் பிரிட்டனுக்கும் பரவியது. அறை, பயிற்சி, வேலை தேட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். ஆனால் படிக்கவோ வேலைக்குப் போகவோ சம்மதிக்க வேண்டும். மற்றொன்று ‘ஹவுசிங் ஃபர்ஸ்ட்’. 1992-இல் நியூயார்க்கில், தெருவில் வாழ்ந்த மனநோயாளிகளுக்கு நிபந்தனை போடாமல் முதலில் வீடு கொடுத்துத் தொடங்கினார்கள். பிறகு கனடாவில் அதை இளைஞர்களுக்கு ஏற்றபடி மாற்றினார்கள்.

ஓரளவு மனம் தெளிந்த பிள்ளைக்கு ஃபோயர் நன்றாகவே பொருந்தும். வீட்டில் அடிபட்டு ஓடி வந்த பிள்ளை விஷயம் வேறு. வகுப்புக்கு வரவில்லை என்று அதன் அறையைப் பறித்தால் மறுபடி தெருதான். அதனால் நான் நிபந்தனை வேண்டாம் என்ற பக்கம்.

சாவி கைக்கு வந்த பிறகுதான் கஷ்டமான மாதங்கள் வரும். தனிமை வாட்டும். தெருவில் கூட இருந்த நண்பர்கள் வந்து தங்குவார்கள், போகச் சொல்ல மனசு வராது. பக்கத்து வீட்டார் புகார் சொல்வார்கள், வாடகை பாக்கி விழும். இந்தச் சமயத்தில் பிள்ளைக்குப் பழகிய ஒரே ஆள் தொடர்ந்து வந்து பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஒரு புது ஆளை அனுப்பினால், நடந்ததையெல்லாம் முதலிலிருந்து சொல்லிச் சொல்லியே அந்தப் பிள்ளை அலுத்துப்போகும்.

அப்புறம் காகிதங்கள். பல இடங்களில் முகவரி இல்லாமல் அடையாள அட்டை கிடைக்காது, அட்டை இல்லாமல் வங்கிக் கணக்கு கிடைக்காது, கணக்கு இல்லாமல் சம்பளம் வராது. அறை கிடைத்த வாரமே இதைத் தொடங்கிவிடுங்கள்.

படிப்பை அவசரப்படுத்த வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடர விருப்பமா, கைத்தொழில் பிடிக்குமா என்று அந்தப் பிள்ளையையே கேளுங்கள்.

வேலை கிடைத்ததும் உதவியை நிறுத்துவதை நிறையப் பார்க்கிறேன், அது பெரிய தவறு. முதல் சம்பளம் வரும்வரை போக்குவரத்து, சாப்பாடு, வேலைக்கான உடை எல்லாவற்றுக்கும் கையில் காசு வேண்டும். அந்தச் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.