ஸ்கேனர் முதல் எண்ணை விழுங்கினால் கேபிளை மாற்றாதீர்கள்

கேள்வி: வணக்கங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு லேப்டாப்பில் யூஎஸ்பி பார்கோடு ஸ்கேனர் மாட்டியிருக்கிறோம். மளமளவென்று ஸ்கேன் செய்தால் சரியாக வருகிறது. கொஞ்சம் இடைவெளி விட்டால் அடுத்த பெட்டிக்கு முன்னால் ஒன்றிரண்டு எண்கள் விழுவதில்லை. வயரைக் கழற்றி மாட்டினால் அன்று முழுக்கத் தொந்தரவு இல்லை. மறுநாள் காலையில் பழைய கதைதான். கரண்ட் போனால் பேட்டரி தாங்கட்டும் என்று பவர்டாப் என்ற மின்சேமிப்புக் கருவி தானாக ஓடும்படி வைத்திருக்கிறோம். கேபிள் மாற்றியாயிற்று. புது ஸ்கேனர் வாங்கணுங்களா?

பதில்: வேண்டாங்க. கழற்றி மாட்டினால் அன்று முழுக்கச் சரி, மறுநாள் மறுபடி என்கிறீர்களே, அதிலேயே விடை இருக்கிறது.

சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைக்கும் வசதி, உபுண்டுவின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னலில் உண்டு. ஆனால் ஹப் தவிர மற்ற சாதனங்களுக்கு அதைக் கர்னல் தானாக இயக்குவதில்லை. தூங்கி எழத் தெரியாத சாதனங்கள் சந்தையில் அத்தனை இருக்கின்றன. பவர்டாப்பின் ஆட்டோட்யூன் (தானாக அமைக்கும் வசதி) இதைப் பார்ப்பதில்லை. அது ஓடும் நேரத்தில் மாட்டியிருக்கும் எல்லாவற்றுக்கும் தூக்கத்தை இயக்கிவிடுகிறது. கழற்றி மாட்டினால் கர்னலுக்கு அது புதுச் சாதனம், தூக்கம் கிடையாது. மறுநாள் லேப்டாப்பைப் போட்டதும் பவர்டாப் மறுபடி ஓடுகிறது.

தூங்கும்போது நடப்பது இதுதான். வழக்கமான அமைப்பில் 2 விநாடி வேலை இல்லை என்றால் கர்னல் அந்த இணைப்பை நிறுத்திவிடும். அப்போது சாதனம் 2.5 மில்லிஆம்பியருக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது யூஎஸ்பி விதி. டிரிக்கரை அழுத்தியதும் ஸ்கேனர் எழுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். லேப்டாப் குறைந்தது 20 மில்லிவிநாடி எழுப்பும் சிக்னல் கொடுத்து, மேலும் 10 மில்லிவிநாடி விட்டுத்தான் பேச ஆரம்பிக்கும். அதுவரை படித்த எண்களை ஸ்கேனர் பிடித்து வைத்திருக்க வேண்டும். 'எனக்கு எழுப்பத் தெரியும்' என்று கர்னலிடம் சொல்லிவிட்டு, எண்களைக் கோட்டைவிடும் ஸ்கேனர்கள் நிறைய. கர்னல் அதன் பேச்சை நம்புகிறது, அவ்வளவுதான்.

முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். சிஸ் ஃபோல்டரில் பஸ், அதற்குள் யூஎஸ்பி, அதற்குள் டிவைசஸ். அங்கே ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கும். ப்ராடக்ட் என்ற கோப்பைத் திறந்து பார்த்தால் எது ஸ்கேனர் என்று தெரியும். அதற்குள் பவர் ஃபோல்டரில் கன்ட்ரோல் என்ற கோப்பில் 'ஆட்டோ' என்று இருந்தால் சந்தேகமே இல்லை. அதில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'ஆன்' என்று எழுதுங்கள். சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு எக்கோ கட்டளை கொடுத்தாலும் 'பர்மிஷன் இல்லை' என்றுதான் வரும், ஏனென்றால் கோப்பில் எழுதும் அம்புக்குறிக்கு அந்த உரிமை போய்ச் சேர்வதில்லை; எக்கோவை பைப் வழியாக சூடோ டீ கட்டளைக்கு அனுப்புங்கள். டீ டைம் முடிந்து வந்து முதல் பெட்டியை ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும்.

இது நிரந்தரமில்லை, ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். யூடெவ் விதி (சாதனம் மாட்டியதும் தானாக ஓடும் அமைப்பு) ஒன்று எழுதினால் போதும் என்று பலர் சொல்வார்கள். உங்களுக்கு அது உதவாது. விதி முதலில் ஓடும், பின்னால் வரும் பவர்டாப் அதை அழித்துவிடும். பவர்டாப் சர்வீஸை நிறுத்திவிட்டு டிஎல்பி என்ற வேறொரு மின்சேமிப்புக் கருவிக்கு மாறுவதே என் யோசனை. கீபோர்டாக வேலை செய்யும் சாதனங்களை அது தூங்க வைப்பதில்லை. ஸ்கேனரை கீபோர்டாக அல்லாமல் சீரியல் முறையில் வைத்திருந்தால் அதன் யூஎஸ்பி அடையாள எண்ணை டிஎல்பியின் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடலாம். புதிய உபுண்டுவில் முன்பே இருக்கும் பவர் புரொஃபைல்ஸ் டீமன் என்ற மின்சேமிப்புச் சேவையை நிறுத்திவிட்டு டிஎல்பியைப் போடுங்கள், இரண்டும் ஒத்துப்போகாது. மொத்த யூஎஸ்பி தூக்கத்தையும் அணைக்கும் பூட் அமைப்பும் உண்டு. ஒரு ஸ்கேனருக்காக வெப்கேம், புளூடூத் எல்லாம் விழித்திருக்கத் தேவையில்லை.

அப்புறம், முக்கியமான ஒன்று. இதுவரை அனுப்பிய பேக்கிங் லிஸ்ட்களைப் பாருங்கள். 890 என்று தொடங்கும் 13 இலக்க எண்ணில் முதல் 8 விடுபட்டால் மிஞ்சுவது 12 இலக்கம். அமெரிக்க யூபிசி எண்ணும் 12 இலக்கம்தான். நீளத்தை மட்டும் பார்க்கும் மென்பொருள் அதை ஏற்றுக்கொண்டிருக்கும். கடைசி சரிபார்ப்பு இலக்கத்தைக் கணக்கிட்டால் பொருந்தாது. 90 என்று தொடங்கும் 12 இலக்க வரிகளைத் தேடியெடுத்து, ஷிப்மென்ட் கிளம்பும் முன் அந்தப் பெட்டிகளை மறுபடி ஸ்கேன் செய்துவிடுங்கள்.