கேள்வி–பதில்: நட்சத்திரமும் ஓட்டும்

கேள்வி: சினிமாக்காரர்கள் தங்கள் புகழை வைத்து அரசியல் பேசலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாகப் பேசட்டும்ங்க. ஓட்டு இருக்கிறவருக்கு வாய் இருக்கக் கூடாதா? ஆனால் பேசியதெல்லாம் ஓட்டாகிவிடாது. 1996இல் ரஜினி ஆதரித்த தி.மு.க., த.மா.கா. கூட்டணி ஜெயித்தது. அவரால்தான் என்றார்கள். 2004இல் அவர் பா.ம.க.வை எதிர்த்தார், அந்தக் கட்சி நின்ற ஆறு தொகுதியிலும் ஜெயித்தது! 2021இல் கோவை தெற்கில் கமல் தானே நின்றும் 1,728 ஓட்டில் தோற்றார்.

ஈரோடு மஞ்சள் மண்டியில் மூட்டை தைக்கும் ஒரு அண்ணன், சட்டைப் பையில் எப்போதும் தலைவர் படம் வைத்திருப்பார். கோணி ஊசியில் சணல் கோத்துக்கொண்டே சொன்னார்: “முதல் நாள் டிக்கெட் அவருக்குங்க. ஓட்டு, எங்க ஊட்டுக்குத் தண்ணி விடறவனுக்கு.”

எனக்கு உறுத்துவது காசு வாங்கிக்கொண்டு சொல்லும் கருத்துதான். சோப்பு விளம்பரமாவது விளம்பரம் என்று தெரியும். மற்றபடி, யாராவது ஒரு நட்சத்திரம் ஒரத்துப்பாளையம் அணைக்கு வந்து, நொய்யலில் சாயக்கழிவு செய்த வேலையைப் பார்த்துவிட்டுப் பேசுவதாக இருந்தால், மைக்செட் வாடகை என் செலவு.